பத்தொன்பது கிலோப் பை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆனிக் கடைசியில் கனகராயன்குளத்துக்குக் கிழக்கே உள்ள காட்டில் மூன்று நாள் மரக் கணக்கெடுப்புச் செய்யப் போகிறோம். நாங்கள் ஆறு பேர், நாலு பேர் பெண்கள். வனவளத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் கிடைத்துவிட்டது. காடு தெரிந்த ஊர்க்காரர் ஒருவரும் கூட வருகிறார். இணையத்தில் கண்ட பட்டியல் ஒன்றைப் பார்த்துச் சாமான் கட்டினேன்: கூடாரம், தூக்கப் பை, காஸ் அடுப்பு, சின்ன மண்வாரி, கைக்கோடரி, நெருப்பு மூட்டும் கல், மழைக்கோட்டு, உறிஞ்சிக் குடிக்கிற வடிகட்டி, இரண்டு லீற்றர் தண்ணீர், உடுப்பு, சாப்பாடு. தராசில் 19 கிலோ காட்டுகிறது. என் நிறை 52 கிலோ. எதைக் குறைக்கலாம்?

த., யாழ்ப்பாணம்

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் பட்டியலை எழுதியவர் குளிருக்குப் பயந்து எழுதியிருக்கிறார். இந்த மாதிரிப் பட்டியல்களின் மூலம் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து மலையேறிகள் சங்கம் 1930களில் போட்ட ‘பத்து அத்தியாவசியம்’. பனிமலையில் இரவு அகப்பட்டால் உயிர் தப்புவதற்கான சாமான்கள் அவை. வன்னியில் ஆனி மாதம் ஆளை விழுத்துவது வெயிலும் தாகமும். அதனால் கூடாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரில் இருந்து கணக்குப் பார்ப்போம்.

அந்த வெக்கையில் பற்றைக்குள் எட்டு மணி நேரம் நடந்து, குனிந்து, நாடா பிடித்து வேலை செய்கிற ஒருவருக்குப் பகலில் 4 லீற்றர், இரவுக்கு 1 லீற்றர் குடிக்க வேண்டும். மூன்று நாளுக்கு 15 லீற்றர், அதாவது 15 கிலோ. உங்கள் நிறைக்கு ஐந்தில் ஒரு பங்கு, 10 கிலோதான், நாள் முழுக்கச் சுமக்கலாம். தண்ணீரே அதைத் தாண்டிவிட்டது. ஆகவே மூன்று நாள் தண்ணீரைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் தங்குவது என்ற திட்டமே நடக்காது. மரம் எண்ணுவது பகல் வேலை. ஊரில் கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ கேட்டுத் தங்குங்கள், விடிய உள்ளே போங்கள், பின்னேரம் நாலு மணிக்கு முன் வெளியே வாருங்கள். வழிகாட்டியோடு ஏழு பேருக்குக் குடிக்க 105 லீற்றர், சமைக்கக் கழுவ இன்னொரு 50. இருபது லீற்றர்க் கான் எட்டு. லான்ட்மாஸ்ரரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) ஒரு நடையில் வந்துவிடும்.

இந்த ஒரு முடிவோடு கூடாரம், தூக்கப் பை, அடுப்பு மூன்றும் முதுகில் இருந்து இறங்கிவிட்டன. மண்டபத்தில் பாய், சாரம், நுளம்பு வலை போதும். காட்டு விளிம்பில் கூடாரம் அடிப்பதும் வேண்டாம். பொழுதுபட யானை காட்டை விட்டு வயல் பக்கம் இறங்குகிற வழியே அதுதான். அரிசி, உப்பு, பழம் மணந்தால் சுவரையே தள்ளுகிற மிருகத்துக்கு நைலோன் துணி ஒரு தடையா?

மண்வாரியையும் நெருப்புக் கல்லையும் கட்டாயம் வீட்டில் வையுங்கள். இதற்குக் காரணம் பாரம் அல்ல. வன்னிக் காட்டில் மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்தும் இன்னும் முடியவில்லை. வெடிக்காத பொருள்கள் மண்ணுக்குக் கீழே கிடக்கின்றன. குப்பை கொளுத்தும்போது வெடித்துக் காயப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். எனவே உள்ளே குழி தோண்டுவதும் நெருப்பு மூட்டுவதும் கூடாது. ஆனியில் சருகு இருக்கிற இருப்புக்கு வெடிகூடத் தேவையில்லை, ஒரு பொறி காணும். மண்டையோட்டுப் பலகை, சிவப்புத் தலைக் கட்டை கண்டால் வந்த கால் அடையாளத்திலேயே திரும்புங்கள். பழைய மண் அணை, பங்கர்க் குழிப் பக்கம் எவ்வளவு நல்ல மரம் நின்றாலும் அது கணக்கில் வராமல் போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. பாலையும் வீரையும் முதிரையுமாக நிற்கிற காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு தென்னையோ பலாவோ பட்டுப்போன எலுமிச்சையோ கண்டால், தாவரவியல் ஆள் என்று ஆசையோடு ஓடாதீர்கள். அது ஒரு காலத்து வளவு. வளவென்றால் கிணறு இருக்கும். கட்டு இடிந்து, வாய் முழுக்கக் கொடி மூடி, பார்வைக்குச் சமதரையாகத் தெரியும். மண்ணுக்குள் என்ன கிடக்கிறதோ தெரியாது, தடியால் குத்திப் பார்க்கவும் முடியாது. ஆகவே அந்த வளவுக்குள் ஓர் அடியும் வைக்கக் கூடாது.

கோடரி, காட்டுக்கத்தி உங்களுக்கு வேண்டாம். கத்தி வழிகாட்டியிடம் இருக்கும். உங்கள் அனுமதிக் கடிதம் மரம் எண்ணத் தந்தது, வெட்டத் தந்ததல்ல. கடிதத்தின் பிரதி ஆளுக்கு ஒன்று பிளாஸ்ரிக் உறையில் இருக்கட்டும்.

இனிப் பகல் பை. தண்ணீரை ஒரே கானில் கொண்டுபோகாதீர்கள். முள் குத்தி ஒழுகினால் எல்லாம் போச்சு. ஒரு லீற்றர்ச் சோடாப் போத்தல் நாலு, பாரமும் இல்லை, உடையவும் மாட்டாது. தாகம் வந்த பிறகு குடிப்பது பிந்திய குடி. கால் மணிக்கு ஒருதரம் இரண்டு மூன்று மிடறு குடியுங்கள். இரண்டாவது போத்தல் முடிகிறபோது எந்த வேலையில் நின்றாலும் திரும்ப வேண்டும், மற்ற இரண்டும் வருகிற வழிக்கு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்து வியர்த்தால் தலையிடியும் கால் பிடிப்பும் வரும். ஒரு போத்தலில் தேசிக்காய்ப் புளியும் உப்பும் கொஞ்சம் சீனியும் போடுங்கள். ஆளுக்கு இரண்டு ஜீவனிப் பக்கெற்றும் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) வையுங்கள். பக்கெற்றில் எழுதிய அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் வயிறு இன்னும் தண்ணீரை இழக்கும்.

உங்கள் வடிகட்டிக் குழாய் கெட்டதல்ல. ஆனால் மோட்டை என்கிற காட்டுக் குட்டையின் தண்ணீர் சேறு, பத்து மிடறில் அடைத்துவிடும். சாரத்தை நாலாக மடித்து வடித்த பிறகே அதை வையுங்கள். தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் படியும், கிருமி சாகாது. பிறகு கொதிக்க வைத்தாலும் வயல் மருந்து போகாது. ஆகவே மோட்டைத் தண்ணீர் ஆபத்துக்கு மட்டும். ஆனியில் தண்ணீர் நிற்கிற மோட்டைக்கு மிருகமும் வரும், பின்னேரம் அதைச் சுற்றி நிற்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு அடுப்பே வேண்டாம். புழுக்கொடியல், எள்ளுப்பாகு, பயற்றம் உருண்டை, பனங்கட்டி. பாணும் சம்பலும் பத்து மணிக்கே புளித்துவிடும். மாம்பழம், வாழைப்பழம் பையில் வேண்டாம், மணம் தூரம் போகும். காட்டில் பாலைப்பழம் உதிர்ந்து கிடக்கும், தின்னலாம், உதடு பசை மாதிரி ஒட்டும். காஞ்சூரைப் பழம் செம்மஞ்சளாக அழகாக இருக்கும், தொடவே வேண்டாம், கொட்டை நஞ்சு.

பாலைப்பழக் காலம் என்பதால் கரடியைச் சொல்ல வேண்டும். இந்தக் காட்டில் யானையை விட எனக்குக் கூடப் பயம் கரடிக்குத்தான். யானை தூரத்தில் தெரியும், கிளை முறியும் சத்தம் கேட்கும். கரடி மூக்கைப் புற்றுக்குள் விட்டுக்கொண்டோ பழத்தைப் பொறுக்கிக்கொண்டோ நிற்கும். பத்து அடிக்குள் நீங்கள் போன பிறகு திடுக்கிட்டுப் பாயும், முகத்தைத்தான் பிய்க்கும். புதிதாகக் கிண்டிய புற்று, ஈர மண், பாலைக்கொட்டை நிறைந்த எச்சம் கண்டால் நின்று சத்தம் போட்டு வேறு பக்கம் போங்கள். மற்ற நேரத்திலும் கதைத்துக்கொண்டு, தடியால் மரத்தில் தட்டிக்கொண்டு நடவுங்கள். காட்டில் மௌனம் அழகுதான், மூன்று நாளைக்கு அது வேண்டாம்.

அந்தத் தடியைக் கொஞ்சம் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். ஏழு அடி நீளம், முற்றிக் காய்ந்த மூங்கில், இரண்டு. ஊரிலேயே வாங்கி இரண்டு பேர் ஊன்றிக்கொண்டு வரட்டும். பகலில் தட்டவும் மர உயரம் மதிக்கவும் உதவும். யாராவது நடக்க முடியாமல் விழுந்தால் அதுவே தூக்குப் படுக்கை. சாரம் குழாயாகத் தைத்த துணி. இரண்டு தடியையும் அதற்குள் விட்டு அகட்டினால் படுக்கை. மூன்று சாரம் வரிசையாகப் போடுங்கள்: தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. தையல் விளிம்பு தடியோடு ஒட்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும். முதுகுக்குக் கீழே வந்தால் பாரத்தில் பிரிந்துவிடும். தூக்கியதும் இரண்டு தடியும் உள்ளுக்கு நெருங்கி ஆளை நசுக்கும். அதற்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குறுக்குத் தடி ஒவ்வொன்று கயிற்றால் கட்ட வேண்டும். புறப்பட முதல் மண்டபத்தில் ஒருவரைப் படுக்கவைத்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பிரிகிற சாரம் அங்கேயே பிரியட்டும்.

இது பாம்புக்காகத்தான். புடையன் (கண்ணாடி விரியன்) சருகோடு சருகாகக் கிடக்கும். கணுக்கால் மூடிய சப்பாத்து, தடித்த நீளக் காற்சட்டை; செருப்போடு வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். கடித்தால் வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, விஷக்கல் வைக்கக் கூடாது. மோதிரம், காப்பு, கொலுசு உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழலாது. நேரத்தை எழுதுங்கள். காலை ஒரு தடியோடு சேர்த்து, விரல் நுழைகிற தளர்வில் பண்டேஜ் சுற்றி அசையாமல் வையுங்கள். ஆளை நடத்தாமல் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வாருங்கள், சிக்னல் கிடைத்ததும் 1990 அம்புலன்ஸ். நோவுக்குப் பனடோல் மட்டும், அஸ்பிரின் வகை கொடுத்தால் இரத்தம் இன்னும் உறையாமல் போகும். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. பத்துச் சென்ரிமீற்றர் அகல மீள்தன்மைப் பண்டேஜ் இரண்டு, நுனி கூரான சாமணம், கிருமிநாசினி, பிளாஸ்ரர். மருந்துப் பை இவ்வளவுதான்.

வழி தவறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் காடு தட்டை. ஏறிப் பார்க்க மலை இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே மரம். மாட்டுத்தடம் பத்துப் பிரியும், பாதிக்கு மேல் தண்ணீருக்குத்தான் போகும். உங்கள் துண்டுக்கு மேற்கே ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) வீதி, வடக்கே மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதி, கிழக்கே ஒட்டுசுட்டான்–நெடுங்கேணி வீதி, தெற்கே நெடுங்கேணி–புளியங்குளம் வீதி. எந்தப் பக்கம் நேராக நடந்தாலும் ஒரு றோட்டில் முட்டும். நேராக நடப்பதுதான் கஷ்டம், அதற்குத்தான் திசைகாட்டி. நீங்கள் ஏ9 பக்கமிருந்து நுழைவதால் தவறினால் மேற்கு. போனில் வரைபடத்தை இறக்கி வைத்து, பறக்கும் நிலையில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடியே பற்றறி முடிந்துவிடும். ஒரு விசில் கழுத்தில், ஒரு ரோச் பையில், பின்னேரமே திரும்புகிற ஆளுக்கும்.

மாதவிடாய்த் துணிகள், பாவித்தவை இரட்டைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும், போட்டால் மிருகம் கிளறும். உடுப்பு மாற்று ஒன்று போதும். மழைக்கோட்டு மாரிக்கு. இவ்வளவும் சேர்ந்து, தண்ணீரோடு, பகல் பை 7 கிலோவுக்குள் நிற்கும்.

கடைசியாக உண்ணி. காற்சட்டை நுனியை மேஸுக்குள் (காலுறைக்குள்) விடுங்கள். இலை நுனியில் இருந்து பொடி உண்ணி கூட்டமாக ஏறும், மிளகுத்தூள் மாதிரி. செலோரேப்பை ஒட்டி எடுத்தால் எல்லாம் வந்துவிடும், தட்டினால் பரவும். கடித்து நிற்கும் பெரிய உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்புக்குச்சி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஊருக்கு வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் டெங்குதான் என்று படுத்திருக்காமல், காட்டுக்குப் போனதையும் உண்ணி கடித்ததையும் வைத்தியரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.