தள்ளுபடி லேப்டாப்பும் கம்பெனி கேஷ்பேக்கும்: கேள்வி பதில்

லேப்டாப் விற்கும் கடையில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு நிறுவனத்துக்கு லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஆஃபர் காலம் வந்துவிட்டால் நண்பர்களும் சொந்தக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கம்பெனியே கேஷ்பேக் தருகிறதாம், வாங்கிவிடலாமா?" உங்களிடமிருந்து வந்த கேள்விகளும் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. விலைகளை நீங்கள் எழுதியபடியே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு அப்பா: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். ஒரு லேப்டாப்பின் எம்ஆர்பி 84,990 ரூபாய். ஆன்லைனில் 58,990. வங்கிக் கார்டுக்கு 4,000 உடனடித் தள்ளுபடி. அதற்கு மேல் தயாரிப்பு நிறுவனம் 5,000 ரூபாய் கேஷ்பேக் தருகிறது. விளம்பரத்தில் 49,990 என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட அதே அம்சங்களோடு வேறொரு பிராண்டு, கேஷ்பேக் எதுவும் இல்லாமல், 52,490க்கு வருகிறது. எதை வாங்கலாம்?

முதலில் அந்த 84,990ஐ மறந்துவிடுங்கள் ஐயா. எம்ஆர்பி என்பது இதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்பு. அந்த விலைக்கு லேப்டாப்பை யாரும் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. "41 சதவீதம் தள்ளுபடி" என்பதெல்லாம் அதை வைத்துப் போடும் கணக்கு. போன மாதம் அது என்ன விலைக்குப் போனது, இன்று மற்ற இடங்களில் என்ன விலை, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

இப்போது உங்கள் கணக்கு. இன்று உங்கள் கையிலிருந்து போகும் பணம் 54,990. இன்னொன்றுக்கு 52,490. அதாவது இன்று 2,500 ரூபாய் அதிகம் கொடுக்கிறீர்கள், பின்னால் 5,000 வரும் என்ற வாக்கை நம்பி. வந்தால் 2,500 லாபம். வராவிட்டால் அதே 2,500 நஷ்டம். விளம்பரம் 49,990ஐயும் 52,490ஐயும் பக்கத்தில் வைக்கச் சொல்கிறது. நீங்கள் 54,990ஐயும் 52,490ஐயும் வைத்துப் பாருங்கள். கேஷ்பேக்கைப் பூஜ்யமாக வைத்தாலும் முதல் லேப்டாப்தான் பிடித்திருக்கிறதா? தாராளமாக வாங்குங்கள், பணம் வந்தால் சந்தோஷம். கேஷ்பேக் இருப்பதால் மட்டும்தான் அது கண்ணில் படுகிறது என்றால், என் ஓட்டு 52,490க்குத்தான்.

அப்புறம், மதுரையில் எந்த பிராண்டுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது, வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்களா என்று விசாரியுங்கள். மூன்று வருடப் படிப்புக்கு வாங்குகிறீர்கள். அதற்குள் ஒரு தடவையாவது அது தேவைப்பட வாய்ப்பு உண்டு. தினமும் பையில் சுமக்கப்போகிறவள் மகள். எடையையும் பாருங்கள்.

சேலம் மாணவர்: அண்ணா, ரைசன் 5 7520யு பிராசசர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 36,990 ரூபாய், கேஷ்பேக் 3,000. 7000 சீரிஸ் என்பதால் புதிது என்று கடையில் சொன்னார்கள். நான் இன்ஜினியரிங், கணினி அறிவியல் பிரிவு.

தம்பி, இதை வாங்காதே. அந்தப் பெயரில் முதல் இலக்கமான 7, எந்த வருட வரிசையில் வந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று தெரிய மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 7520யுவில் அது 2, அதாவது ஜென் 2. 2019இல் வந்த வடிவமைப்பு அது. கோர், அதாவது உள்ளே வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதி, நான்குதான். 7530யு என்றால் மூன்றாவது இலக்கம் 3. அது ஜென் 3, ஆறு கோர். பெயரில் ஒரே ஒரு எண்தான் மாறுகிறது, ஆனால் வேலையில் நிறைய வித்தியாசம் தெரியும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது ராம். 7520யு பிராசசரோடு வரும் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. பின்னால் கூட்டவே முடியாது. 8 ஜிபியில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, ஒரு வெர்ச்சுவல் மெஷின், பத்து பிரவுசர் டேப் எல்லாம் திறந்தால் மூன்றாம் செமஸ்டரிலேயே திண்டாடுவாய். 16 ஜிபி இருப்பதை எடு. இல்லாவிட்டால் ராம் ஸ்லாட் காலியாக இருக்கும் மாடலை எடு. ஆனால் "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்ற யோசனை இப்போது முன்போல மலிவாக முடியாது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ தரவு மையங்களுக்காக மெமரி சிப்கள் அந்தப் பக்கம் போவதுதான் காரணம்.

டிஸ்ப்ளே விவரத்தில் "45% என்டிஎஸ்சி" (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு) என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். கோடு எழுத அது போதும். போட்டோ, வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்குப் போதாது.

பழைய சரக்கைத் தள்ளுவதற்குத்தான் பல நேரம் கேஷ்பேக் போடுகிறார்கள். அதில் தப்பில்லை, நல்ல பழைய மாடல் குறைந்த விலைக்குக் கிடைத்தால் நமக்கும் நல்லதே. ஆனால் இந்த 3,000 ரூபாய் உன்னை நான்கு வருடம் ஒரு மெதுவான மெஷினோடு கட்டிப்போட்டுவிடும்.

சென்னையிலிருந்து ஒருவர்: நோ காஸ்ட் இஎம்ஐ போட்டால் வட்டி இல்லைதானே? 60,000 ரூபாய், ஆறு மாதம்.

வட்டி உண்டு. அதை வேறொருவர் உங்களுக்காகத் தள்ளுபடியாகக் கொடுக்கிறார், அவ்வளவுதான். மாதம் 10,000 வீதம் ஆறு மாதம், வங்கி வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் கணக்கில் உங்கள் கடன் சுமார் 57,460. மீதி 2,540 வட்டி. விலையில் அந்த 2,540ஐக் குறைத்துவிடுவதால்தான் மொத்தம் 60,000இலேயே நிற்கிறது.

ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை வங்கி உங்களிடம்தான் வாங்கும். சுமார் 457 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக ஏறக்குறைய 690 ரூபாய் கையை விட்டுப் போகும். ஆறு மாத அவகாசத்துக்கு இது பெரிய தொகை இல்லை. தேவையென்றால் போடுங்கள். ஒரே ஒரு விஷயம்: மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் கார்டு தள்ளுபடி, நோ காஸ்ட் இஎம்ஐயில் சில சமயம் கிடைக்காது. பணம் செலுத்தும் பக்கத்தில் இரண்டையும் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருப்பூர், சிறு தொழில் செய்பவர்: டிசைன் வேலைக்கு 70,800 ரூபாயில் ஒரு லேப்டாப் பார்த்திருக்கிறேன். கம்பெனி கேஷ்பேக் 6,000. என்னிடம் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. ஆனால் கேஷ்பேக் தனிநபர்களுக்கு மட்டும்தான் என்று நிபந்தனையில் இருக்கிறது. என் பெயரில் சாதாரண பில் போட்டு கேஷ்பேக் வாங்கவா?

வேண்டாங்க. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 70,800இல் பொருளின் விலை 60,000, வரி 10,800. தொழிலுக்குத்தான் பயன்படுத்துகிறீர்கள், காம்போசிஷன் திட்டத்திலும் (விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வணிகர்களுக்கான திட்டம்) இல்லை என்றால், அந்த 10,800ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். 6,000 ரூபாய்க்காக 10,800ஐ விடுவது என்ன கணக்கு? பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா, அந்த பில் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் (நீங்கள் எடுக்கக்கூடிய வரி வரவை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) வருகிறதா என்று பாருங்கள். தேய்மானக் கணக்கு போடும்போது ஆடிட்டரிடம் 60,000 என்றே போடச் சொல்லுங்கள். வரித் தொகைக்கும் தேய்மானம் எடுத்துவிட்டால் அந்த வரவு கிடைக்காது.

கோயம்புத்தூர் வாசகி: நேற்று லேப்டாப் வந்துவிட்டது. கேஷ்பேக் வாங்க என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நாளில் வரும்?

இன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கேஷ்பேக் கிடைக்காமல் போவதற்கு நான் பார்த்த முக்கியமான காரணம் கெடு தாண்டிப் போவதுதான். வாங்கிய தேதியிலிருந்து இத்தனை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு கெடு இருக்கும். புது லேப்டாப்பில் மும்முரமாக இருக்கும்போது அது ஓடிவிடும்.

திட்டத்தின் நிபந்தனைகள் உள்ள பக்கத்தை முதலில் முழுதாகப் படம் பிடித்து வையுங்கள். ஆஃபர் முடிந்ததும் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடக் கூடும். அடுத்து பில்லைப் பாருங்கள். விற்பனையாளர் பெயர், தேதி, மாடல் எண், சீரியல் நம்பர் நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பரும் பெட்டியில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இல்லையென்றால் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். பெட்டியைக் கேஷ்பேக் வரும்வரை தூக்கிப் போட வேண்டாம். பார்கோடு லேபிளின் படம் கேட்பார்கள்.

பெயர் இன்னொரு இடைஞ்சல். பில் அப்பா பெயரில், வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் என்றால் நிராகரிக்க இடமுண்டு. நம் ஊரில் இனிஷியலால் வரும் தொல்லையும் இதோடு சேரும். பில்லில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே ஆளின் கணக்கைக் கொடுங்கள்.

எந்த விற்பனையாளரிடம் வாங்கினால் செல்லும் என்றும் பாருங்கள். ஆன்லைன் தளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே விற்பவர்கள் பலர். நிறுவனம் அங்கீகரித்த பட்டியலில் உங்கள் பில்லில் உள்ள பெயர் இருக்க வேண்டும். பதிவு செய்ததும் வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். எப்போது வரும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பல திட்டங்களில் ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகுதான் பார்க்கவே ஆரம்பிப்பார்கள், அதனால் இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம். அந்தப் பணத்தை நம்பி வேறு செலவு வைத்துக்கொள்ள வேண்டாம். பணமாக வருகிறதா, கிஃப்ட் வவுச்சராக வருகிறதா என்பதும் நிபந்தனையில் இருக்கும். வவுச்சர் என்றால் அதற்குக் காலாவதித் தேதியும் இருக்கும்.

தாம்பரம் வாசகர்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் நேரில் வாங்கினால் கேஷ்பேக் கிடைக்குமா?

அங்கீகரிக்கப்பட்ட டீலர் என்றால் பல திட்டங்களில் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அந்த சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வாரண்டி ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டதா என்று பாருங்கள். டிஸ்ப்ளேவுக்கு வைத்திருந்த பெட்டி என்றால் தெரிந்துவிடும். கிடங்கிலேயே கிடந்ததால் தேதி முன்னதாகக் காட்டினால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

நேரில் வாங்குவதில் எனக்குப் பிடித்தது பேரம்தான். "அந்த கேஷ்பேக் வேண்டாம், இப்போதே எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் குறைந்தால்கூட எனக்கு அது போதும். கையோடு வந்துவிடுகிறது, பின்னால் அலைய வேண்டியதில்லை. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் மட்டும் வந்துவிடுங்கள். வாரண்டிக்கும் அந்த பில்தான் ஆதாரம்.

தூத்துக்குடி வாசகர்: எல்லாம் சரியாகப் பதிவு செய்தும் ஐந்து மாதமாக வரவில்லை. வாடிக்கையாளர் சேவையில் "பரிசீலனையில் இருக்கிறது" என்றே சொல்கிறார்கள். 4,000 ரூபாய். விட்டுவிடவா?

விடாதீர்கள். அது உங்கள் பணம், அதை நம்பித்தானே வாங்கினீர்கள். இனி போனில் பேசுவதை நிறுத்திவிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். பதிவு எண், பில், நிபந்தனைப் பக்கத்தின் படம் மூன்றையும் இணைத்து, எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொன்னார்கள் என்பதைக் குறிப்பிட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அங்கே புகார் பதிவானதும் அதை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். இந்த அளவுத் தொகைகள் பல நேரம் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் தூத்துக்குடியில் இருந்தால் தூத்துக்குடியிலேயே போடலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. தருவதாக அறிவித்துவிட்டு, தரும் எண்ணமே இல்லாமல் சலுகை காட்டுவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்: லேப்டாப் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். கேஷ்பேக் தயாராக இருக்கிறதாம், யுபிஐயில் வரும் கோரிக்கையை ஏற்று பின் நம்பர் போடச் சொன்னார். போடலாமா?

போடவே போடாதீர்கள் அம்மா. நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும். ஓடிபியும் சொல்லக் கூடாது, எந்த செயலியையும் இறக்கச் சொன்னால் இறக்கக் கூடாது. நீங்களே கேஷ்பேக்குக்குப் பதிவு செய்திருந்தால் அதன் நிலையை நிறுவனத்தின் தளத்தில் போய்ப் பாருங்கள். தெரியாமல் ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி இருக்கும்.

ஈரோடு வாசகர்: எனக்கும் மனைவிக்குமாக இரண்டு லேப்டாப் வாங்குகிறோம். இரண்டுக்கும் கேஷ்பேக் வருமா?

ஒரு ஆளுக்கு ஒன்றுதான் என்று பல திட்டங்களில் இருக்கும், நிபந்தனையில் தேடிப் பாருங்கள். அப்படி இருந்தால் ஒரே ஆர்டராகப் போடாமல், இரண்டு பெயரில் இரண்டு பில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது மொபைல் எண்ணும் வங்கிக் கணக்கும்கூட வேறு வேறாக இருக்கட்டும்.