எழுத்தையும் பார்த்து ஏறுங்கள்

கேள்வி: அக்கா, திருநெல்வேலிப் பக்கமிருந்து சென்னை தண்டையார்பேட்டைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை அடையாறில். போன வாரம் பெரம்பூரில் சித்தி வீட்டிலிருந்து கிளம்பினேன். 29 என்று பார்த்ததும் ஏறிவிட்டேன், கடைசியில் அண்ணா சதுக்கத்தில் இறக்கிவிட்டார்கள். இந்த ஊர் பஸ் நம்பரை எப்படித்தான் புரிந்துகொள்வது?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வெறும் நம்பரைப் பார்த்து ஏறினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும் தங்கச்சி, மனசு விடாதீங்க. பக்கத்தில் இருக்கிற எழுத்துதான் முக்கியம். 29ஏ அண்ணா சதுக்கம் போகும், 29சி ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு வழியாக பெசன்ட் நகர் போகும். போர்டில் 'கட்' என்று இருந்தால் முழுத் தூரம் போகாமல் பாதியிலேயே திரும்பிவிடும் என்று அர்த்தம். தண்டையார்பேட்டையிலிருந்து உங்களுக்குத் தோதானது 1ஆம் நம்பர், திருவொற்றியூரில் கிளம்பி திருவான்மியூர் வரை போவது. தூரம் அதிகம், நெரிசலில் மாட்டினால் நேரம் இழுக்கும், அதனால் காலையில் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊரில் கண்டக்டர் நம்மிடம் வருவார், இங்கே பெரும்பாலும் பின்வாசல் பக்கம் தன் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், காசும் டிக்கெட்டும்தான் கைமாறிக் கைமாறி வரும். முன்னால் ஏறினால் "அடையாறு ஒண்ணு, பாஸ் பண்ணுங்க" என்று பக்கத்திலிருப்பவரிடம் கொடுங்கள், தயங்கவே வேண்டாம். முன்பின் தெரியாத பத்துப் பேர் கை மாறிப் போன காசு, சில்லறை குறையாமல் திரும்பி வருவதைப் பார்க்கிறபோதெல்லாம் இந்த ஊர் மேல் எனக்குப் பாசம் கூடுகிறது.

கேள்வி: பெண்களுக்கு இலவசம் என்றார்கள், ஒரு பஸ்ஸில் காசு கேட்டார்களே?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: 2021 மே மாதம் வந்த இலவசம் சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு மட்டும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி எல்லாவற்றிலும் காசு உண்டு. முகப்பில் பிங்க் அடித்த பஸ் என்றால் இலவசம்தான், சந்தேகமே வேண்டாம். இலவசம்தானே என்று சும்மா இருக்காமல் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதான் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டதே, இன்னும் எதற்கு பஸ் பஸ் என்று எழுதுகிறீர்கள்?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: 2021 பிப்ரவரியில் அந்த மெட்ரோ வந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன், இப்போதும் அதில் போகிறேன். ஆனால் அது வடக்கு தெற்காக ஓடும் ஒரே கோடு. கும்மிடிப்பூண்டி ரயிலும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான். மணலியில் இருப்பவர் பெரம்பூர் போக வேண்டும், கொடுங்கையூர்ப் பிள்ளை எருக்கஞ்சேரி தாண்டிப் படிக்கப் போக வேண்டும், இவர்களுக்கு எந்த ரயில் இருக்கிறது? குறுக்கே போவதற்கு பஸ்தான், அது இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாக விற்கப் போகும் பெண்களுக்கும் அதே கதி. அந்தக் கூடையை வைக்க இடம் கொடுக்கும் முதல் பஸ் நேரத்துக்கு வர வேண்டும், ராத்திரி கடைசி பஸ் மணலி பக்கம் நிச்சயமாக வர வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், நீங்களும் உங்கள் டிப்போவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.