டீச்சரிடம் கேளுங்கள்: எந்த ஒளி, எதற்கு ஒளி?

இந்த வாரம் ஒளி. கத்தோலிக்கர், லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று டவுனில் உள்ள எல்லாச் சபைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பு வசனங்களையே எடுத்திருக்கிறேன். வழக்கமான எச்சரிக்கை: ஒரு வசனத்தைப் பிடிக்கும் முன் மேலே பத்து, கீழே பத்து வசனம் வாசியுங்கள்.

ரப்பர் பால்வெட்டுத் தம்பி: டீச்சர், "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்"னு இருக்கு. தினமும் வாசிக்கிறேன். சிங்கப்பூர் வேலைக்குப் போறதா, தோட்டத்திலேயே இருக்கறதான்னு இன்னும் ஒன்னும் தெரியலையே?

தம்பி, சங்கீதம் 119:105இல் "கால்களுக்கு" என்று இருக்கிறது. அந்தக் காலத்துத் தீபம் உள்ளங்கையில் அடங்கும் மண் அகல். ஒலிவ எண்ணெயும் ஒரு திரியும்தான். நாலு எட்டுக்கு மேல் அது காட்டாது. இருட்டோடு வெட்டுக்குப் போகும்போது நெற்றியில் கட்டுகிற விளக்கை நினைத்துக்கொள். வெட்டுப் பட்டை தெரியும், அடுத்த மரத்துக்குப் போகும் தடம் தெரியும், நடுவில் பாம்பு கிடந்தால் தெரியும். நிரையின் கடைசி மரம் தெரியாது. அதற்காக வெயில் ஏறட்டும் என்று உட்கார்ந்தால் பால் குறைந்துவிடும்.

அடுத்த வசனம், 106: உம்முடைய நியாயங்களைக் காத்து நடப்பேன் என்று ஆணையிட்டேன். இந்த வெளிச்சம் கீழ்ப்படிந்து நடக்கத்தான். எதிர்காலம் பார்க்க அல்ல. ஆகவே கண்ணுக்குத் தெரிவதை முதலில் பார். ஒப்பந்தத்தில் ஏஜெண்டு கட்டணம் எவ்வளவு? அம்மாவை யார் பார்ப்பது? இருக்கும் கடன் எவ்வளவு? வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பார்க்காதே. அது கிளி ஜோசியம்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை: "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்று இயேசு ஏன் அந்த இடத்தில் சொன்னார்?

நல்ல கேள்வி. யோவான் 7ஆம் அதிகாரத்தில் நடப்பது கூடாரப் பண்டிகை. அந்த நாட்களில் எருசலேம் ஆலயத்தின் பெண்கள் முற்றத்தில் பெரிய பொன் விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 4 கிண்ணம். ஏறி எண்ணெய் ஊற்ற 4 ஏணி. ஆசாரியர்களின் பழைய கால்சட்டையையும் இடைக்கச்சையையும் கிழித்துத் திரி போடுவார்களாம். அந்த வெளிச்சம் எட்டாத முற்றமே எருசலேமில் இல்லை என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. காணிக்கைப் பெட்டிகள் இருந்ததும் அதே முற்றம்தான். நீங்கள் கேட்ட வசனம் யோவான் 8:12. 8:20ஐப் பாருங்கள், அவர் பேசியது அங்கேதான். "என்னைப் பின்பற்றுகிறவன்" என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்க்க வைத்த ஒளி இல்லை, பின்னால் நடக்க வேண்டிய ஒளி.

பெயர் வேண்டாம்: எந்தக் கலர் மெழுகுவர்த்தி ஏற்றினா கடன் தீரும்?

எதுவும் தீர்க்காது. மாதத் தவணையைக் கட்டுங்கள்.

மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) அண்ணன்: "கண் சரீரத்தின் விளக்கு" என்றால் என்ன?

மத்தேயு 6:22, அண்ணே. மேலே பொக்கிஷம், கீழே உலகப்பொருள், நடுவில் கண். யூதர் பேச்சில் "கெட்ட கண்" என்றால் கஞ்சத்தனம், பொறாமை. நீதிமொழிகள் 23:6இலும் மத்தேயு 20:15இலும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் "வன்கண்ணன்" என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்தவன் சம்பளத்தைப் பார்த்து எரிகிற கண் இருந்தால் உடம்பே இருட்டு.

செபமாலை அக்கா: எங்க கோயில்ல பொங்கல் பூசைக்குக் குத்துவிளக்கு ஏத்தறோம். பக்கத்து வீட்டு ஊழியக்காரர் பாவம்ங்கிறாரே?

மேலே சிலுவை வைத்த குத்துவிளக்குதானே? ஏற்றலாம். யாத்திராகமம் 27:20இல் கேட்டதும் எண்ணெய் விளக்குத்தான்.

ஊழியக்காரர்: சகோதரி, அது புறஜாதி வழக்கம். மெழுகுவர்த்தி போதாதா?

மெழுகுவர்த்தி மட்டும் பரலோகத்திலிருந்தா வந்தது, ஐயா? ரோமர் கோயில்களிலும் அது எரிந்தது. கடவுளென்ன இருட்டிலா இருக்கிறார், விளக்கேற்றிக் காட்ட என்று 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லக்டான்சியுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் கேலியே செய்தார். பிறகு சபை அதை எடுத்துக்கொண்டது.

செபமாலை அக்கா: அப்படிச் சொல்லுங்க!

ஊழியக்காரர்: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் இடறுவார்களே?

அது நியாயம். 1 கொரிந்தியர் 8 அதைத்தான் பேசுகிறது. விளக்கைப் பார்த்தால் பழைய பூசை ஞாபகம் வந்து கலங்குகிற பாட்டி வீட்டில் இருந்தால் ஏற்றாதீர்கள், அக்கா. இந்த விளக்கு விஷயத்தில் இங்கே இன்னும் பதினோரு பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஒருவரும் அந்த அதிகாரத்தை வாசித்ததாகத் தெரியவில்லை.

பெரிய லயம்: வீட்டுக்காரர் போனதிலிருந்து செபத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை டீச்சர்.

அம்மா, ஏசாயா 50:10 உங்களுக்கானது. கர்த்தருக்குப் பயந்தும் வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்கிறவனைப் பற்றியது அது. அவனைத் திட்டவில்லை, தேவனைச் சார்ந்துகொள் என்கிறது, அவ்வளவுதான். அடுத்த வசனம், வெளிச்சம் வரவில்லையே என்று தானே நெருப்பு மூட்டிக்கொள்கிறவர்களுக்கு. கஷ்டப்பட்டு உணர்ச்சியை வரவழைக்காதீர்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், போதும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்குக்கும் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

செம்பனைத் தோட்டம்: ராத்திரி மனச்சோதனை எப்படிச் செய்வது?

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கொடுத்த 5 படி. 10 நிமிடம் போதும். நன்றி சொல்லு. பாவத்தை அறிய ஒளி கேள். காலைப் பெரட்டிலிருந்து (வேலைக்கு ஆள் கூப்பிடும் நேரம்) மணிக்கு மணி பார். மன்னிப்புக் கேள். நாளைக்கு ஒரு திருத்தம், ஒன்றே ஒன்று. கெட்டுப்போவது மூன்றாம் படியில்தான்: நம் நாளைப் பார்க்க உட்கார்ந்து மாமியார் நாளைப் பார்த்துவிடுவோம். படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாம் படியிலேயே குறட்டை.

இளைஞர் குழு: செபத்தில் வெள்ளை ஒளி தெரிஞ்சது. தேவனா?

2 கொரிந்தியர் 11:14: சாத்தானும் ஒளியின் தூதன் வேஷம் போடுவான். 1 யோவான் 2:9ஐ வைத்துச் சோதி: ஒளியில் இருக்கிறேன் என்று சொல்லிச் சகோதரனைப் பகைக்கிறவன் இருளில் இருக்கிறான். அண்ணனோடு பேசாமல் இருக்கிறாயே, போய்ப் பேசினாயா?

இன்னொருவர்: நீல மெழுகுவர்த்தி?

மேலே பார்க்கவும்.

கோயில் பிள்ளை: பாஸ்கா திரிக்கு (ஈஸ்டர் இரவுப் பெரிய மெழுகுவர்த்தி) பதிலா பேட்டரி திரி வைக்கலாமா?

கூடாது. கத்தோலிக்க விதிப்படி உண்மையான மெழுகு, ஆண்டுக்கு ஒரு புதுத் திரி, ஒன்றே ஒன்று.

அவரே: போன வருஷம் மக்கள் கைத்திரி சொட்டி எல்லார் சேலையும் போச்சு.

எரிகிற திரியைச் சாய்த்ததால் வந்தது. எரிவது நிமிர்ந்தே இருக்கட்டும், எரியாததுதான் சாய்ந்து வந்து வாங்க வேண்டும். "கிறிஸ்துவின் ஒளி இதோ" பாடும் முன் இதை மைக்கில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். சேலையில் பட்டதை இறுக விட்டுச் சுரண்டி, மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்து மிதமான சூட்டில் தேயுங்கள். பட்டானால் சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.