கேள்வி–பதில்: பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யூதர்கள் செய்வது என்ன?

கேள்வி: படிக்கவோ வேலைக்கோ பிள்ளை வெளியூர் போகும்போது யூதக் குடும்பங்களில் தனிச் சடங்கு உண்டா?

பதில்: இதற்கென்று விதித்த சடங்கு மரபில் இல்லை. இக்காலத்தில் சிலர் புதிதாக எழுதிய வாழ்த்துகளை வாசிக்கிறார்கள். அதைவிட, பிள்ளை சிறுவயது முதல் கேட்டுப் பழகிய வெள்ளிக்கிழமை மாலை ஆசியையே புறப்படும் நாளிலும் சொல்வது பொருத்தம் என்போம்.

தலைமேல் கை வைத்து, மகனுக்கு "எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் கடவுள் உன்னை ஆக்குவாராக" என்பார்கள் (ஆதியாகமம் 48:20). மகளுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்கள். யோசேப்பின் மக்களான அந்த இருவரும் எகிப்தில் பிறந்து வளர்ந்தும் முன்னோர் நெறியை விடாதவர்கள் என்று விளக்கம் சொல்வதுண்டு. வெளியூர் போகிற பிள்ளைக்கு இதைவிட ஏற்ற ஆசி ஏது? தொடர்ந்து எண்ணாகமம் 6:24-26-இல் உள்ள ஆசியைச் சொல்வார்கள். எபிரேயத்தில் மூன்று வசனங்கள். முறையே 3, 5, 7 சொற்கள். இரு கைகளையும் வைப்பவர்கள் உண்டு, ஒரு கை மட்டும் வைப்பவர்களும் உண்டு. தந்தைதான் சொல்ல வேண்டும் என்பதில்லை, தாயும் சொல்லலாம்.

பிள்ளை போன பிறகு பலர் இதைத் தொலைபேசியில் தொடர்கிறார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது தொடங்கும் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் அது தொடங்கியபின் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். இரண்டு ஊர்களில் எங்கே முதலில் பொழுது சாய்கிறதோ, அந்த நேரத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். நேர வித்தியாசத்தை மறந்து அழைப்பைத் தவறவிடுவது சகஜம்.

கேள்வி: கிளம்பும்போது கையில் காசு கொடுப்பது ஏன்?

பதில்: போய்ச் சேரும் ஊரில் தர்மம் செய்யத்தான், வழிச்செலவுக்கு அல்ல. நற்காரியத்துக்காகச் செல்பவருக்குத் தீங்கு நேராது என்கிறது யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூத். தொகை எவ்வளவானாலும் சரி. செலவுப் பணத்தோடு கலந்துவிடாமல் தனியே வைக்கச் சொல்லுங்கள். பிறகு வாசலோடு நின்றுவிடாமல் கூடவே நான்கு முழமாவது, அதாவது சுமார் 2 மீட்டர், நடந்து வழியனுப்புவது முறை.

கேள்வி: பயணப் பிரார்த்தனையை வீட்டிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பலாமா?

பதில்: கூடாது. 'தெஃபிலாத் ஹதேரக்' எனப்படும் இதை ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே செல்லும் தூரம் ஒரு பர்சா, ஏறக்குறைய 4 கிலோமீட்டர், இல்லையென்றால் கடவுள் பெயரோடு முடியும் இறுதி வாழ்த்தை விட்டுவிடுவார்கள். ஒரு நாளுக்கு ஒருமுறை போதும். நின்று சொல்வது நல்லது. ஓடும் வண்டியில் முடியாவிட்டால் உட்கார்ந்தே சொல்லலாம்.

கேள்வி: விடுதி அறைக்கு மெசூசா (வாசல்நிலையில் பொருத்தும் வேதவசனச் சுருள்) தேவையா?

பதில்: விடுதி அறையைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, பலர் அதற்குரிய வாழ்த்துப் பிரார்த்தனையைச் சொல்லாமல் பொருத்திவிடுகிறார்கள். இஸ்ரேலுக்கு வெளியே வாடகை வீடென்றால் 30 நாள் அவகாசம். நுழையும்போது வலப்பக்க நிலையில், உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடத்தில் பொருத்த வேண்டும். அஷ்கெனாசியர் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) சாய்த்தும், செபராதியர் (ஸ்பெயின், போர்ச்சுகல் மரபு யூதர்) நேராகவும் வைப்பார்கள். குளியலறைக்கு வேண்டாம்.

அழகான உறையை மட்டும் வாங்கி மாட்டிவிடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. உறை வெறும் கூடு. உள்ளே தோல்சுருளில், வேதப் பிரதி எழுதப் பயின்ற எழுத்தர் கையால் எழுதிய 22 வரிகள் இருக்க வேண்டும். அச்சிட்ட தாள் செல்லாது. ஓர் எழுத்து குறைந்தாலும் செல்லாது என்பதால், ஏழு ஆண்டுகளில் இருமுறை எழுத்தரிடம் காட்டிச் சரிபார்ப்பது வழக்கம்.