மூச்சை அடக்கினால் உள்வலிமை வருமா?

கேள்வி: எனக்கு வயது 42. அண்மையில் குங்ஃபூ வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். உள்வலிமை பெருக வேண்டுமானால் குதிரை நிலையில் (கால்களை அகல விரித்து, முழங்காலை மடக்கி, குதிரைமேல் அமர்ந்தாற்போல் தாழ்ந்து) அரை மணி நேரம் அசையாமல் நின்று, மூச்சை அடிவயிற்றில் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்கிறார் மாஸ்டர். அப்படி நின்றால் தலை சுற்றுகிறது, முழங்காலும் வலிக்கிறது. பயிற்சியைத் தொடரலாமா, ஐயா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: மூச்சை அழுத்திப் பிடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்; மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு பயிற்சியைத் தொடருங்கள். மூச்சை அடக்கி முக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால், இரத்த அழுத்தம் முதலில் எகிறிப் பிறகு சரிகிறது. தலைசுற்றலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். சக்தி மேலெழும்புவதன் அடையாளம் அது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இரத்தக் கொதிப்போ குடலிறக்கமோ உள்ளவர்களுக்கு இந்த முக்கல் உண்மையாகவே ஆபத்தானது.

பாதம் தரையை உந்தும்போது பிறக்கும் விசை, இடுப்பு, முதுகு, தோள் வழியே தடைபடாமல் கைக்குச் சென்று சேரும்படி உடல் முழுவதையும் ஒன்றாக இயங்கப் பழக்குவதைத்தான் சீன மரபில் உள்வலிமை என்கிறார்கள். இடையில் ஒரு தசை வீணாக இறுகினாலும் விசை அங்கேயே தேங்கிவிடும். இறுக்கத்தைக் களைவதுதான் பயிற்சி என்பதால், இ சுவான் என்னும் சீனத் தற்காப்புக் கலை முறையை உருவாக்கிய வாங் சியாங்சாய் (1885–1963) அசையாமல் நின்று பழகுவதையே தம் கலைக்கு அடிப்படையாக வைத்தார். அது தொடை தரைக்கு இணையாகத் தாழும் நிலையன்று. பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, முழங்கால்களை இலேசாக மட்டும் மடக்கி, ஒரு மரத்தைத் தழுவுவதுபோல் கைகளை மார்புக்கு முன் வளைத்து, மூக்கின் வழியே மூச்சை அதன் போக்கில் விட்டு நிற்பது அது. முதலில் மூன்று நிமிடம் போதும்; அது எளிதான பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம்.

தொடை நடுங்குவதும் எரிவதும் இயல்புதான். மூட்டுக்குள் குத்தும் வலி இயல்பன்று. குதிரை நிலையில் முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நம் பகுதியினர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கே அது ஒரு முக்கியக் காரணம். ஃப்ளூரைடு மிக அதிகமாக உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகக்கூடும். வகுப்பில் சேருவதற்கு முன்பே உங்களுக்குக் காலையில் மூட்டு விறைப்பு இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அத்தகைய மூட்டை ஆழ்ந்த நிலைக்குள் வலிந்து தாழ்த்துவது தீங்கையே செய்யும். இவற்றையெல்லாம் மாஸ்டரிடம் மரியாதையுடன் எடுத்துச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் அவ்வளவு தாழாமல் நிற்கும்படி நிலையை மாற்றித் தருவாரே தவிர, கோபிக்க மாட்டார்.

கேள்வி: என் 13 வயது மகன் கையை இரும்பாக்க வேண்டுமென்று தினமும் மணல் மூட்டையை விரல் முட்டியால் குத்துகிறான். விடலாமா?
– ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: விட வேண்டாம், அம்மா. இந்த வயதில் விரல் எலும்புகளின் வளர்ச்சித் தகடுகள் (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதிகள்) இன்னும் மூடியிருக்காது. அங்கே படும் அடி எலும்பின் வளர்ச்சியையே கோணலாக்கக்கூடும். காலடி வைப்பு, இடுப்பைத் திருப்புதல், காற்றில் தளர்வாகக் குத்திப் பழகுதல் ஆகியவற்றை அவன் நன்றாகச் செய்யட்டும். மணல் மூட்டை அவன் வளர்ந்து முடிக்கும்வரை காத்திருக்கலாம்.