அவருக்கு சுகர் என்றால் வீட்டுக்கே பத்தியம்!

கேள்வி: எனக்கும் கணவருக்கும் சுகர். அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதிலிருந்து ராகி, கோதுமை என்று தனியாகச் சமைத்துப் போடுவதுவரை எல்லாம் நான்தான். அவரோ காலையில் வாக்கிங் முடித்து, நண்பர்களோடு வடை, டீ ஆன பிறகுதான் வீடு திரும்புகிறார். கேட்டால் 'அதான் நடந்தேனே' என்கிறார். எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- வாசகி, மதுரை

பதில்: கடிதம் முழுக்க அவருடைய சுகர்தான். உங்களுக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், ஒரு வரிகூட இல்லை! நம் வீடுகளில் ஆணுக்கு சுகர் வந்தால் வீடே பத்தியம் இருக்கும், பெண்ணுக்கு வந்தால் மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக்கொண்டு 'எனக்கு லேசாகத்தான் இருக்கு' என்று தள்ளிப்போடுவாள்.

சரி, முதலில் அவர் கதை. அரை மணி நடந்து கரைத்ததை ரெண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் திருப்பிக் கொடுத்துவிடும். டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் வாயைக் கட்டி, வெறும் வயிற்று ரிப்போர்ட்டைக் காட்டி 'நார்மல்' என்று தப்பிக்கும் ஆண்கள் நிறைய. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் மூன்று மாத வண்டவாளமும் வெளியே வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணை டாக்டர் வாயால் கேட்கட்டும், நீங்கள் சொன்னால் நச்சரிப்பாகிவிடும். அப்புறம், ராகியும் கோதுமையும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் அரிசி மாதிரியே ஏற்றும். தனிச் சமையலை விடுங்கள். காய் அதிகம், சோறு கம்மி, கொஞ்சம் சுண்டல் என்று எல்லாருக்கும் ஒரே சாப்பாடு போதும்.

இனி நீங்கள். அவருக்குக் கொடுக்கும்போதே உங்கள் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பத்தரைக்குத்தான் இட்லித் தட்டோடு உட்காருவீர்கள் என்று நினைக்கிறேன். சாப்பிடாவிட்டாலும் சுகரை இறக்கிவிடும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைக்கு இது ஆகவே ஆகாது. கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் லோ சுகராக இருக்கலாம், உடனே சுகர் எவ்வளவு என்று பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னொன்று, மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களின் இதயத்துக்கு இருக்கும் இயற்கையான பாதுகாப்பை சுகர் பெருமளவு பறித்துவிடும். மாரடைப்புகூட நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், தாடைவலி, தாங்க முடியாத அசதி என்று வரலாம். அடிக்கடி நீர்க்கடுப்பு, அரிப்பு இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் சுகரின் வேலையாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரமில்லையா? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: வயது 52, பல வருட சுகர். சில மாதமாகத் தாம்பத்தியத்தில் சிக்கல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதோடு இதையும் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். தவிர, இந்தச் சிக்கல் இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். சுகர் டாக்டரிடமே நேரடியாகச் சொல்லுங்கள், அவர் தினமும் கேட்கிற விஷயம்தான். மனைவி பக்கத்தில் இருந்தால் சங்கடம் என்றால் இந்த ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள்.