வாசகர் கேள்வி – பதில்: பச்சை வெளியில் ஒரு மாளிகை

கேள்வி: எண்ணெய் வண்ண ஓவியம் பழகத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலேய இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘விவன்ஹோ பார்க்’ ஓவியத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்து, 12 × 16 அங்குல கேன்வாஸில் வரைகிறேன். ஏரிக்கு அப்பால் தெரியும் மாளிகையை முதலில் ஜன்னல் ஜன்னலாகத் திருத்தமாக முடித்தேன். அது வெட்டி ஒட்டியதுபோல் தனித்து நிற்கிறது. மரமும் புல்லும் ஒரே பச்சையாகிவிட்டன. பார்த்து வரைந்து பழகுவது சரியான வழிதானா?

பதில்: சரியான வழிதான். கான்ஸ்டபிளே அப்படிப் பழகியவர். இளமையில் ஓவியச் சேகரிப்பாளர் சர் ஜார்ஜ் போமான்ட்டிடம் இருந்த, 17ஆம் நூற்றாண்டு இயற்கைக்காட்சி ஓவியர் கிளாட் லொரேனின் படத்தைப் பார்த்து வரைந்த அவர், ஓவியராகப் பெயர் பெற்ற பிறகும், 1823இல் தம் 47ஆம் வயதில், அதே போமான்ட்டின் கோலர்ட்டன் இல்லத்தில் தங்கி மீண்டும் கிளாடைப் பிரதியெடுத்தார்.

முதலில் உங்கள் கேன்வாஸை மாற்றுங்கள். வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கும் மூலத்தின் அளவு 56.1 × 101.2 செ.மீ.; ஏறக்குறைய 5க்கு 9 என்ற விகிதம். 12 × 16 அங்குலத்தில் அதை அடைக்க முயன்றால் ஏரி குறுகிப்போகும், மாளிகை பெருத்துவிடும். 10 × 18 அங்குலம் பொருந்தும். இந்த அகலம் தற்செயலானது அன்று. 1816இல் இதை வரையச் சொன்ன விவன்ஹோ பார்க் எஸ்டேட்டின் உரிமையாளர் ஜெனரல் ரெபோவின் குடும்பத்தார், இடப்பக்கத்துக் குகைமண்டபமும் வலப்பக்கத்து மான் கொட்டிலும் படத்தில் இடம்பெற வேண்டும் என்று விரும்பியதால், கான்ஸ்டபிள் இருபுறமும் கேன்வாஸ் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தார். மாளிகைக்கு உரியவர்கள் கேட்ட படத்திலேயே மாளிகை எவ்வளவு சிறியதாக, மரங்களால் பாதி மறைக்கப்பட்டு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அச்சுப் பிரதியில் அதன் அகலத்தை ஸ்கேலால் அளந்து, முழுப் படத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிட்ட பிறகே கேன்வாஸில் குறியுங்கள்.

மாளிகை ஒட்டாததற்குக் காரணம், சுற்றியிருப்பவை இல்லாதபோதே அதை முடித்துவிட்டதுதான். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, வானம், மரத்திரள், நீர், புல்வெளி ஆகியவற்றின் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் முதலில் போடுங்கள். கண்ணை இடுக்கி மூலத்தைப் பார்த்தால் ஜன்னல்கள் மறைந்து, கரும்பச்சைக்கு நடுவே இளஞ்சிவப்பாய் ஒரு வெளிச்சக் கட்டி மட்டும் மிஞ்சும். மாளிகைக்கு நீங்கள் வரைய வேண்டியது அதைத்தான். லைட் ரெட் என்ற செம்மண் நிற வண்ணத்தையும் வெள்ளையையும் கலந்து, அதில் வானத்துக்குக் கலந்த சாம்பல் நிறத்தைச் சிறிது சேருங்கள். அது ஈரமாக இருக்கும்போதே மரத்தின் பச்சையைச் சுவரின் அடிப்பகுதிமீது இழுத்துவிட்டால், கட்டடம் மரங்களுக்குள் அமர்ந்துவிடும். ஜன்னல்களுக்குக் கடைசியில் நுனித் தூரிகையால் சில தொடுகைகள் போதும்.

பச்சை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: டியூபில் வரும் பச்சையைச் சில மாதங்களுக்குத் தொடாதீர்கள். கான்ஸ்டபிளின் புல்வெளிகள் பல பச்சைகளை அருகருகே வைத்ததால்தான் உயிர் பெற்றன என்பதை பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவாவும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அல்ட்ராமரின் நீலத்தோடு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் சேர்த்தால் அடங்கிய பச்சையும், லெமன் யெல்லோ சேர்த்தால் வெயில் பட்ட பச்சையும் கிடைக்கும். நிழலுக்கு ஒரு துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலக்கலாம். தொலைவு கூடக்கூட வெளிறி நீலம் ஏற வேண்டும். மாடுகள் மேயும் முன்புறத்தில், மேக நிழல் விழுந்த புல்லையும் வெயில் விழுந்த புல்லையும் தனித்தனியாகக் கலந்து, பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

கேள்வி: இப்படி வரைந்த பிரதியில் என் பெயரைக் கையெழுத்திடலாமா?

பதில்: இடலாம். கான்ஸ்டபிள் 1837இல் மறைந்தவர். பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும். கேன்வாஸின் பின்புறம் ‘கான்ஸ்டபிளின் விவன்ஹோ பார்க் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது’ என்று ஆண்டோடு அழியாத மையில் எழுதிவையுங்கள்.